நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட் சுடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்கு பிஸ்கட் சுடுவது நமக்கு பிஸ்கட் சுடுவதை விட எளிது. சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், எசன்ஸ் வேண்டாம், வடிவம் கோணலாக வந்தாலும் சாப்பிடுகிறவருக்கு அது பொருட்டே இல்லை. கவனம் தேவைப்படுவது இரண்டே இடத்தில்தான்: எதைச் சேர்க்கக் கூடாது, எவ்வளவு கொடுப்பது. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

கடையில் விதவிதமாகக் கிடைக்கிறதே, வீட்டில் எதற்குச் சுட வேண்டும்?

முக்கியக் காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியும். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கோழி இல்லாமல் சுடலாம். எடை கூடிய நாய்க்குக் கொழுப்பில்லாமல் சுடலாம். பயிற்சிக்கு நகத்தளவு துண்டு வேண்டுமென்றால் நகத்தளவிலேயே வெட்டலாம். இந்த மூன்றும் போதும் என்னைப் பொறுத்தவரை.

ஆனால் வீட்டில் செய்தது என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. வெண்ணெயும் சீஸும் தேனும் போட்டு வீட்டில் சுட்டதை விட, சாதாரண கடை பிஸ்கட் எவ்வளவோ மேல். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய ரகசியம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய்க்கென்றே பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியபோது அதில் இருந்தது கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி. இன்றும் நல்ல நாய் பிஸ்கட் என்பது கிட்டத்தட்ட அதேதான்: ஒரு மாவு, ஒரு காய் அல்லது கிழங்கு, கொஞ்சம் புரதம், நன்றாகக் காய்ந்த பதம்.

எந்த மாவு நல்லது? தானியமே சேர்க்கக் கூடாது என்கிறார்களே?

முழுக்கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, அரிசி மாவு, கடலை மாவு எல்லாமே சரிதான். ஓட்ஸ் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டாலே மாவாகிவிடும், பிசையவும் இலகு. அரிசி மாவில் மட்டும் சுட்டால் உதிரும், அதனால் முட்டையோ மசித்த கிழங்கோ கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

நாய் தானியத்தைச் செரிக்காது என்பது தவறு. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிய காலத்தில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாய்களில் பல நகல்களாகப் பெருகியிருப்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. வேகவைத்த மாவுச்சத்து நாய்க்கு நன்றாகவே செரிக்கும். தானியமில்லா உணவு என்று விற்பவற்றில் பலவும் தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிரப்பியவை. அப்படிப்பட்ட உணவுக்கும் நாய்களுக்கு வரும் ஒருவகை இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. எப்படியிருந்தாலும் உங்கள் நாய்க்குக் கோதுமை ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொல்லாத வரை தானியத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பச்சை மாவை மட்டும் நக்கக் கொடுக்காதீர்கள். வேகாத மாவில் சால்மோனெல்லா, ஈ.கோலை கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. அது நாய்க்கும் ஆகாது, பிசைகிற உங்களுக்கும் ஆகாது, கையைக் கழுவிவிடுங்கள்.

முதல் முறை சுடுகிறேன், எளிதான ஒரு செய்முறை சொல்லுங்கள்.

ஓட்ஸ் மாவு 200 கிராம், வேகவைத்துத் தோலுரித்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு 120 கிராம், முட்டை ஒன்று. அவ்வளவுதான் பொருள். கிழங்கு நன்றாக ஆறியபின் மூன்றையும் சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் ஒரு பிடி மாவு கூடுதலாக, விரிசல் விட்டு உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். பிசைந்ததைப் பத்து நிமிடம் மூடி வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதன்பின் தேய்ப்பது சுலபம்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் தேயுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் வருவது முக்கியம், இல்லாவிட்டால் ஓரம் கருகும்போது நடு வேகாமல் இருக்கும். எலும்பு வடிவ அச்சு இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் நான் கத்தியால் நீளவாக்கிலும் குறுக்கிலும் இரண்டு சென்டிமீட்டர் கட்டங்களாகக் கீறிவிடுவதையே பரிந்துரைப்பேன். வேலை சீக்கிரம் முடியும், மாவு வீணாகாது, எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பதால் எத்தனை கொடுத்தோம் என்ற கணக்கும் சரியாக வரும்.

ஓவனை 175 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி 25 நிமிடம் சுடுங்கள், அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்துக் கீறின இடத்தில் உடைத்துப் பிரித்து, திரும்ப டிரேயில் இடைவெளி விட்டுப் பரப்பி, 100 டிகிரியில் இன்னும் 40 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம் காயவிடுங்கள். அதன்பின் ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தபடி உள்ளேயே ஆறவிடுங்கள். இப்படி இரண்டாவது முறை காயவிடுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது என்கிறார்கள்.

இதில் ஏறத்தாழ 140 துண்டு வரும். கிழங்குக்குப் பதில் மசித்த பூசணி, கேரட், வாழைப்பழம் எதுவும் போடலாம். பூசணியில் நீர் அதிகம், ஆகவே மாவு கூடுதலாகப் பிடிக்கும்.

எதையெல்லாம் கண்டிப்பாகச் சேர்க்கக் கூடாது?

இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

முதலில் சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், பற்பசை, சில பீனட் பட்டர் வகைகள் ஆகியவற்றில் இருக்கும் இனிப்பூட்டி இது. சில பொட்டலங்களில் பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலோ 967 என்ற எண்ணிலோ இருக்கும். மனிதருக்குப் பெரிய பாதிப்பில்லை, ஆனால் நாயின் உடம்பு இதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினை அள்ளிக் கொட்டிவிடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். அளவு கூடினால் கல்லீரலே செயலிழக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போதும், அதாவது 10 கிலோ நாய்க்கு ஒரே ஒரு கிராம். நாய் பிஸ்கட் செய்முறைகளில் பாதியில் பீனட் பட்டர் வரும் என்பதால் பாட்டிலைத் திருப்பி, பொருள் பட்டியலை ஒவ்வொரு முறையும் படியுங்கள். வழக்கமாக வாங்கும் பிராண்டாக இருந்தாலும் படியுங்கள். வேர்க்கடலை மட்டும் போட்டது என்றால் சரி.

அடுத்து சாக்லேட், கொக்கோ. இதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். கருமை கூடக்கூட ஆபத்தும் கூடும், இனிப்பில்லாத கொக்கோ பவுடர் இருப்பதிலேயே மோசம். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமினிலேயே வாந்தி, படபடப்பு தொடங்கலாம், 10 கிலோ நாய்க்கு 10 கிராம் கொக்கோ பவுடர் அந்த அளவை எட்டிவிடும். பார்க்கச் சாக்லேட் மாதிரி வேண்டும் என்றால் கேரப் பவுடர் (கேரப் என்ற மரத்தின் காயைப் பொடித்தது) இருக்கிறது, அதில் தியோபுரோமின் கிடையாது.

திராட்சை, உலர்திராட்சை. சிறுநீரகத்தைத் தாக்கும், எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021 முதல் நஞ்சியல் மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள். அதே அமிலம் புளியிலும், கேக் செய்யப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டாரிலும் இருக்கிறது, அவையும் வேண்டாம்.

வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள். பச்சையோ வெந்ததோ பொடியோ, எல்லாமே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பொடி இன்னும் செறிவானது. உண்ணியை விரட்டும் என்று சிலர் பூண்டு சேர்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இதன் பாதிப்பு அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளிறி, சிறுநீர் கருத்து, நாய் சோர்ந்து கிடக்கும்போதுதான் தெரியும். கடையில் வாங்கும் சூப் கட்டிகளிலும் சூப் பவுடர்களிலும் வெங்காயமும் உப்பும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னும் சில: மக்கடாமியா கொட்டை (பின்னங்கால் தளர்ந்துவிடும்), ஜாதிக்காய், காபி, மது. வெனிலா எசன்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆல்கஹாலாக இருக்கலாம், சுட்டால் பெரும்பகுதி ஆவியாகும் என்றாலும் நாய்க்கு வெனிலா எதற்கு? ஆப்பிள் போடலாம், விதையை எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பை உடைத்து மாவில் சேர்க்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

இவற்றில் ஏதாவது ஒன்றை நாய் தின்றுவிட்டால்?

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன, இந்த நான்கும் கேட்பார்கள். பொட்டலம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், அதனாலேயே உப்பு நஞ்சாகி நாய் சாகலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா, எப்படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பேக்கிங் பவுடர், சோடா, ஈஸ்ட் போடலாமா?

பிஸ்கட்டுக்கு எதுவுமே தேவையில்லை. தட்டையாக, மொறுமொறுப்பாக வருவதுதான் நமக்கு வேண்டியது, உப்பி எழுந்தால் உள்ளே ஈரம் தங்கும். கேக் போல மெத்தென்று வேண்டுமென்றால் ஒரு முழு டிரேவுக்கு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுவதில் தவறில்லை. டப்பாவை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மொத்தமாகத் தின்றால் உடம்பின் உப்புச் சமநிலை கெட்டுவிடும்.

ஈஸ்ட் விஷயம் வேறு. ஈஸ்ட் கலந்து பொங்க வைத்திருக்கும் பச்சை மாவை நாய் விழுங்கினால், வயிற்றுச் சூட்டில் அது மேலும் பொங்கி வயிற்றை ஊதச் செய்யும், கூடவே ஆல்கஹாலும் உருவாகும். இது அவசர சிகிச்சை வேண்டிய நிலை. நாய் உள்ள வீட்டில் ரொட்டி மாவைத் துணி போட்டு மேசையில் வைக்காதீர்கள், மூடிய அலமாரிக்குள் வையுங்கள்.

உப்பும் இனிப்பும் இல்லாமல் நாய் சாப்பிடுமா?

சாப்பிடும். நமக்குச் சுமார் 9,000 சுவை மொட்டுகள், நாய்க்குச் சுமார் 1,700. அது இனிப்பை உணரும் என்பது உண்மைதான், ஆனால் எதைச் சாப்பிடுவது என்று முதலில் முடிவு செய்வது மூக்கு. அதனால் சுவை கூட்ட நினைக்காமல் மணத்தைக் கூட்டுங்கள். உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரில் மாவைப் பிசைந்து பாருங்கள், அதே பிஸ்கட்டுக்கு நாய் காட்டும் ஆர்வமே வேறாக இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள்ளெடுத்து மசித்துச் சேர்த்தாலும் அப்படித்தான், சமையலறை முழுக்க மீன் வாடை வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேன் ஒரு ஸ்பூன் போட்டால் கெட்டுவிடாது, ஆனால் அந்தச் சர்க்கரையால் நாய்க்கு ஒரு பயனும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம்?

ட்ரீட் எல்லாம் சேர்த்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை ஊட்டச்சத்தில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. காரணம் எடை மட்டுமல்ல. நாயின் முழு உணவில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின்கள் எல்லாம் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கும், நம் பிஸ்கட்டில் அப்படி எதுவும் கிடையாது. பிஸ்கட்டால் வயிற்றை நிரப்பினால் அந்தக் கணக்கு குலையும்.

சரி, கணக்கு போடுவோம். கருத்தடை செய்த, நடுத்தரமாக ஓடியாடும் 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 630 கலோரி தேவை, அதில் பத்தில் ஒரு பங்கு 63. மேலே சொன்ன செய்முறை முழுவதிலும் சேர்த்து 920 கலோரி அளவில் இருக்கும், 140 துண்டு என்றால் ஒன்றுக்கு ஆறரை கலோரி. ஆக 10 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒன்பது துண்டு. 5 கிலோ நாய்க்கு ஐந்து, 25 கிலோ நாய்க்குப் பத்தொன்பது வரை போகலாம். எடை இரண்டு மடங்கானால் தேவையும் இரண்டு மடங்காகாது, அதனால்தான் இந்த எண்கள் நேராகப் பெருகவில்லை. வயது, இனம், ஓட்டம் இவற்றைப் பொறுத்து மாறும், இதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்களுக்கு உதவுவது துண்டின் அளவு. ஒரு பெரிய பிஸ்கட்டை ஒரேயடியாகக் கொடுப்பதை விட, அதையே ஐந்தாக உடைத்து ஐந்து முறை கொடுத்தால் நாய்க்கு ஐந்து முறை சந்தோஷம். சின்னதாகச் சுடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் நாலு பேர் தனித்தனியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் காலையிலேயே அன்றைய பங்கை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது.

பயிற்சிக்கு மெத்தென்ற சின்ன ட்ரீட் எப்படிச் செய்வது?

பயிற்சியின்போது நாய் கடித்து மென்று கொண்டிருக்கக் கூடாது, வாயில் போட்டதும் விழுங்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பட்டாணி அளவு, மெத்தென்ற பதம், தூக்கலான மணம். கல்லீரல்தான் இதற்கு முதல் தேர்வு.

கல்லீரல் 250 கிராம், முட்டை ஒன்று, அரிசி மாவு 120 கிராம். மிக்ஸியில் கெட்டியான தோசைமாவு பதத்துக்கு அரையுங்கள். சின்னச் சின்னக் குழியுள்ள சிலிக்கான் பேக்கிங் ஷீட் இருந்தால் மாவை அதன்மேல் ஊற்றி ஒரு ஸ்கிரேப்பரால் வழித்துவிட்டால் போதும், 160 டிகிரியில் கால் மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்கணக்கான குட்டித் துண்டுகள் உதிர்ந்து வரும். ஷீட் இல்லாவிட்டால் பட்டர் பேப்பர் போட்ட டிரேயில் மெல்லிசாகப் பரப்பிச் சுட்டு, ஆறியதும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் பிரிட்ஜில் வைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் போடுங்கள்.

கல்லீரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், செம்பும் உண்டு. தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து எலும்பைப் பாதிக்கும். பெட்லிங்டன் டெரியர், லாப்ரடார் போன்ற இனங்களில் செம்பு கல்லீரலில் தேங்கும் நோய் வர வாய்ப்புண்டு, அவற்றுக்குக் கல்லீரலைத் தவிர்த்துக் கோழி நெஞ்சுக்கறியில் இதையே செய்யுங்கள்.

ஓவன் இல்லையே?

ஏர் ஃபிரையர் இருந்தால் 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. அதுவும் இல்லாவிட்டால் அடிகனமான வாணலியை மூடி போட்டு மிகக் குறைந்த தீயில் வைத்து இருபுறமும் பொறுமையாகச் சுடலாம், கனத்தை மட்டும் மெல்லிசாக்கிக் கொள்ளுங்கள். முழுக்கக் காயாது, எனவே பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். மைக்ரோவேவ் இதற்குச் சரிவராது. ஓரிடம் ரப்பர் மாதிரியும் ஓரிடம் கல் மாதிரியும் ஆகிவிடும்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

கெடுவதும் கெடாததும் ஈரத்தைப் பொறுத்தது. ஒரு துண்டை உடைத்தால் டக் என்று உடைய வேண்டும், உடைந்த இடம் வெளிப்புறம் போலவே காய்ந்திருக்க வேண்டும். வளைந்தாலோ நடுவில் கருமையான ஈரக்கோடு தெரிந்தாலோ இன்னும் காயவில்லை, திரும்ப 100 டிகிரியில் போடுங்கள். நன்றாகக் காய்ந்தது காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். இறைச்சி, மீன், சீஸ் சேர்த்தது என்றால் காய்ந்திருந்தாலும் பிரிட்ஜில் வைப்பதே நல்லது. மெத்தென்றவை பிரிட்ஜில் நான்கைந்து நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை.

சூடு முழுதும் ஆறாமல் டப்பாவை மூடாதீர்கள், நீராவி உள்ளேயே படிந்து எல்லா உழைப்பும் வீணாகும். பூஞ்சை ஒரே ஒரு துண்டில் தெரிந்தாலும் டப்பாவிலுள்ள அத்தனையும் குப்பைக்குத்தான், அதுவும் நாய் எடுக்க முடியாத குப்பைக்கு. உணவில் வளரும் சில பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரவைக்கும், பிடித்த இடத்தைக் கிள்ளி எறிவதால் அது போகாது.

கோழிக்கறியைக் காயவைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நாய்களுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் பச்சைக் கறியை அப்படியே உலர்த்தியில் வைப்பது ஆபத்து. கறி மெல்ல மெல்லக் காயும்போது கிருமி சாகாமல் வறட்சிக்குப் பழகிக்கொள்ளும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் முறை, முதலில் கறியின் உள்வெப்பம் கோழிக்கு 74, மற்ற இறைச்சிக்கு 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவைத்து அதன்பின் உலர்த்துவது. வெந்ததை மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, கொழுப்பை எடுத்துவிட்டுக் காயவையுங்கள்.

என் நாய்க்கு அலர்ஜி இருக்கிறது. எதில் சுடுவது?

நாய்களின் உணவு ஒவ்வாமை பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் முதலிடம் மாட்டிறைச்சிக்கு, பிறகு பால் பொருட்கள், கோழி, அதன்பின்தான் கோதுமை. பலரும் கோதுமையை மட்டும் நிறுத்திவிட்டுக் கோழியைத் தொடர்வார்கள், அரிப்பும் தொடரும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க மருத்துவர் பரிசோதனை உணவில் வைத்திருக்கும் வாரங்களில் வெளி ட்ரீட் ஒரு துண்டு கூடக் கூடாது, வீட்டில் சுட்டதும் அதில் சேர்த்திதான். அதற்காக நாயை வெறுமனே உட்கார வைக்க வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. அந்தப் பரிசோதனை உணவின் டின் வகை கிடைத்தால் அதையே துண்டாக நறுக்கி 175 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். உலர் உணவுதான் இருக்கிறதென்றால் பொடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிஸ்கட்டாகச் சுடுங்கள். விதியும் மீறப்படாது, நாய்க்கும் ட்ரீட் கிடைத்துவிடும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கணையம், சிறுநீரகம், சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு?

பொதுச் செய்முறை எதுவும் பொருந்தாது. கணைய அழற்சி வந்த நாய்க்கு (மினியேச்சர் ஷ்னவுசர் இனத்தில் இது அதிகம்) கொழுப்பு பகை, பீனட் பட்டரும் சீஸும் அறவே கூடாது. சிறுநீரக நோயில் பாஸ்பரஸ் பகை, ஆகவே இறைச்சி, கல்லீரல், சீஸ் ட்ரீட்டுகள் சரிப்படாது. ஆக்சலேட் கல் (சிறுநீர்ப் பாதையில் சேரும் ஒருவகைக் கல்) வந்த நாய்க்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கீரையும் வேண்டாம், மேலே சொன்ன முதல் செய்முறையே அதற்கு ஆகாது. டால்மேஷியன் இன நாய்க்கு யூரேட் என்ற இன்னொரு வகைக் கல் வரலாம், கல்லீரல் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் என்றால் என்ன கொடுக்கிறோம் என்பதோடு எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதும் இன்சுலின் கணக்கில் வரும். செய்முறையை எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டிக்கும் வயதான நாய்க்கும்?

திட உணவு சாப்பிடத் தொடங்கிய குட்டிக்கு மெத்தென்ற சிறு துண்டு கொடுக்கலாம், புதுப் பொருட்களை ஒரு தடவைக்கு ஒன்றாக மட்டும் அறிமுகம் செய்யுங்கள். பல் விழுந்த கிழ நாய்க்குக் காய்ந்த பிஸ்கட்டை வெந்நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் போதும்.

கடினமான பிஸ்கட் பல்லைச் சுத்தம் செய்யுமா?

செய்யாது. பல்லின் நுனி பட்டதுமே பிஸ்கட் நொறுங்கிவிடுகிறது, அழுக்கு சேரும் ஈறு ஓரத்தை அது தொடுவதே இல்லை. பல்லுக்கு நாய்ப் பற்பசையும் பிரஷ்ஷும்தான். பிஸ்கட்டைக் கல் மாதிரி ஆக்குவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது, பல் பிளந்துவிடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உடைக்க முடியாத எதையும் கொடுக்காதீர்கள்.

பிறந்தநாள் கேக் செய்யலாமா?

செய்யலாம். முட்டை, ஓட்ஸ் மாவு, மசித்த வாழைப்பழம், துருவிய கேரட், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். மேலே பூச இனிப்பில்லாத கெட்டித் தயிர், பாலை விட அதில் லாக்டோஸ் குறைவு. மெழுகுவத்தியை நாயின் முன் வைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். நாய்க்குக் கொடுப்பது முழுக் கேக் அல்ல, ஒரு சின்னத் துண்டுதான் என்று நினைவிருக்கட்டும், மீதியை நறுக்கி ஃப்ரீசரில் வைத்தால் பல நாளைக்கு ஆகும்.

குழந்தைகள் எடுத்துத் தின்றுவிட்டால்? பூனைக்குக் கொடுக்கலாமா?

நாம் சாப்பிடும் பொருட்களில், முழுதாக வேகவைத்துச் செய்தது என்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சுவைதான் சப்பென்று இருக்கும். முட்டை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை ஒரு துண்டு தின்றால் பரவாயில்லை, ஆனால் பூனைக்கு மாவு பிஸ்கட் தேவையே இல்லை, இறைச்சி கொடுங்கள்.

நண்பர்களின் நாய்களுக்குக் கொடுக்கலாமா? விற்கலாமா?

கொடுக்கும்போது டப்பாவின் மேல் எல்லாப் பொருளையும், சுட்ட தேதியையும், வெளியில் வைப்பதா பிரிட்ஜில் வைப்பதா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அந்த நாய்க்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சுடுவதற்கு முன்பே கேளுங்கள். விற்பது வேறு கதை. பல நாடுகளில் விலங்கு உணவு விற்கத் தனி உரிமமும் லேபிள் விதிகளும் உண்டு, வீட்டுச் சமையலறையிலிருந்து இறைச்சிப் பொருள் விற்க அனுமதி கிடைப்பது பெரும்பாலும் கடினம். முதல் டப்பாவை விற்பதற்கு முன் உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.